கால் வாளித் தண்ணீர்

சனிக்கிழமை, ஏப்ரல் 27. காலை 8.10. எருத்தேன்பதி.

அர்த்தநாரியின் உடலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியாகிவிட்டது. வாசலில் கூடிய ஊர் அதற்குள் தீர்ப்பும் எழுதிவிட்டது. ஏசி மாட்டிய வேதமுத்து ஒழுங்காக வேலை செய்யவில்லை, கேஸ் கசிந்து பெரியவர் மூச்சுமுட்டிச் செத்தார் என்று. கொல்லங்கோட்டில் அவன் கடைக் கண்ணாடியை யாரோ கல்லால் அடித்து உடைத்தும்விட்டார்கள்.

வேதமுத்து போலீஸ் ஜீப்பின் பின்சீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருஷமாகச் சம்பாதித்த பெயர். சாயங்காலத்துக்குள் கைது என்றால் எல்லாம் போச்சு. எந்த வீட்டுக் கதவும் இனி அவனுக்குத் திறக்காது.

எஸ்.ஐ. சிவசங்கரி படுக்கையறைக்குள் நுழைந்தாள். சூரியநெல்லிக் குளிரில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பாலக்காட்டு ஏப்ரல் ஒரு தண்டனை. அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டில் கரியடுப்பு மூட்டி, சன்னலைச் சாத்திப் படுத்த இரண்டு பேர் எழுந்திருக்கவேயில்லை. அன்றிலிருந்து சாவு நடந்த வீட்டில் அவள் கண் முதலில் சன்னலைத்தான் தேடும்.

ஏசியின் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருந்தது. உள்ளே இரண்டு சன்னல்கள். இரண்டும் சாத்தியிருந்தன. வீட்டுத் தென்னந்தோப்பைப் பார்த்த சன்னலின் இடுக்கில் பழைய வேட்டித் துணி இறுக்கமாகத் திணித்திருந்தது. ரோட்டுப் பக்கத்துச் சன்னலின் இடுக்கிலோ ஒரு விரலே நுழையும், துணி இல்லை. தலையணை உறை வியர்வையில் ஊறிக் காய்ந்து, ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அர்த்தநாரிக்குத் தை மாதம் வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோயின. உடம்பு சூடாகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஏசி மாட்டினார்கள். கூட இருந்தது ஒரே மகன் ராஜசேகர்.

"ராத்திரி என்ன நடந்துச்சு?" என்று அவனிடம் கேட்டாள்.

"பத்து மணிக்கு ஏசியப் போட்டுட்டு நானும் போய்ப் படுத்துட்டனுங்க. காலைல ஆறு மணிக்குக் கதவத் தொறந்தா ரூம்பு பனிக்கட்டியாட்டம் சில்லுனு கெடக்குது. ஐயன் அசையலீங்க."

"நடுவுல யாரும் ஏசிய நிறுத்தலையே?"

"இல்லீங்க. ராத்திரி முச்சூடும் ஓடுச்சு."

"இந்தத் துணி?"

"குளுரு வெளிய போகக் கூடாதுன்னு நாந்தான் அடைச்சேன்."

சில்லென்று கிடந்த அறையில் ஒரு மனிதருக்கு இவ்வளவு வியர்க்குமா? சிவசங்கரி அதை அவனிடம் கேட்கவில்லை.

8.40. ஜீப்.

"கேஸ் கசிஞ்சா ரூம் குளுருமா, வேதமுத்து?"

"எப்படிங்க மேடம் குளுரும்? கேஸ் போச்சுன்னா வெறுங்காத்துதானுங்க வரும்."

"பெரியவர் ஏசியப் பத்தி எத்தனை தடவ புகார் சொன்னாரு?"

"என்ன சொல்றதுங்க! ராத்திரியானா போன் போட்டு, 'டேய், இது நின்னு போச்சுடா, ரூம்பு கொதிக்குதுடா'ம்பாரு. காலைல வந்து பார்த்தா ஜம்முனு ஓடும். ஏமாத்துக்காரன்னு திட்டித்தான் அனுப்புவாரு."

போனை வாங்கிப் பார்த்தாள். 'எருத்தேன்பதி தொல்லை' என்ற பெயரில் அழைப்புகள். தேதி 16, 18, 20, 22, 24. எல்லாம் இரவு பதினொன்றுக்கு மேல். நேற்று 26: 11.20, 11.45, 12.10. மூன்றும் எடுக்கப்படாதவை.

"நேத்து ஏன் எடுக்கல?"

"திட்டு வாங்கி வாங்கி வெறுத்துப் போச்சுங்க. போனக் கவுத்து வெச்சுட்டுப் படுத்துட்டேன்."

9.05. புழக்கடை.

ஏசியிலிருந்து வந்த குழாயின் வாய்க்கு நேரே ஒரு நீல வாளி. தண்ணீருக்கு அலையும் ஊரில் ஏசி சொட்டும் தண்ணீரையும் யாரும் வீணாக்குவதில்லை. அதைத் தினமும் காலையில் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றுவது வீட்டுவேலைக்கு வரும் ஆனந்தியின் வேலை.

"இன்னைக்கு ஊத்தலையா?"

"சாவு உழுந்த ஊட்டுல எப்படிங்க ஊத்தறது? அப்படியே இருக்குது, பாருங்க."

கால் வாளிகூட இல்லை.

"ராத்திரி பூராவும் ஓடுனா?"

"வாளி நெறஞ்சு வழியுமுங்க. ஆனா ஒரு நாள் நெறஞ்சா அடுத்த நாள் இவ்வளவுதான் இருக்கும். மெக்கானிக் சரியில்லைன்னு பெரியவரு ஏசுவாரு."

சிவசங்கரி ஆனந்தியையும் கூட்டிக்கொண்டு தோப்புக்குள் நடந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் தென்னைகள் மட்டை தொங்கிப் பழுத்துக் கிடந்தன. இந்தப் பக்கம் ஒவ்வொரு வட்டப்பாத்தியிலும் ஈரம். பூட்ஸ் சேற்றில் புதைந்தது.

"மோட்டார் எந்த லைன்ல ஓடுது?"

"ஊட்டு லைன்தானுங்க. பகல்ல போர்ல தண்ணி ஊறாது, ராத்திரி பதினொண்ணுக்கு மேலதான் ஏறும். ஏசியும் மோட்டாரும் ஒண்ணா ஓடுனா பியூஸ் போயிருமுங்க."

9.30. படுக்கையறை. வேதமுத்துவையும் உள்ளே வரச் சொன்னாள்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் கெட்டுப்போற ஏசிய நான் பாத்ததில்ல, ராஜசேகர். ஆனா தென்னைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி விடுவாக. பதினோரு மணிக்கு வெளிய இருக்க சுவிட்ச அணைச்சு மோட்டாரப் போடுவீங்க. உங்கப்பா மெக்கானிக்கத் திட்டுவாரு. நேத்தும் அதான் நடந்துச்சு. கத்துனாலும் உங்களுக்குக் கேக்காது, நீங்க தோப்புல. விடியக்காலம் வந்து பாத்து, போயிட்டார்னு தெரிஞ்சு, அறையக் குளுர வச்சு இவர் மேல பழியப் போட்டீங்க. வாளியில இருக்க தண்ணி ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துத் தண்ணி."

"கரண்டு போயிருக்கலாமுங்க…"

"கரண்டு இல்லாம தோப்பு எப்படி நனைஞ்சுது?"

ராஜசேகரின் கண் தோப்புப் பக்கத்துச் சன்னலுக்குப் போனது.

"இதுவரைக்கும் மறதி, அலட்சியம்னு சொல்லித் தப்பிக்கலாம். இந்தத் துணிதான் உங்களைத் தப்ப விடாது. குளுரு போகக் கூடாதுன்னா ரெண்டு சன்னலையும் அடைச்சிருக்கணும். தோப்புப் பக்கம் மட்டும் எதுக்கு அடைச்சீங்க? மோட்டார் சத்தம் அவர் காதுல விழக்கூடாதுன்னுதானே? எந்திரிச்சு சன்னலத் தொறக்க முடியாத மனுசன். புழுங்கியே செத்திருக்காரு."

ராஜசேகர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"கேட்டேனுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி ஏசிய நிறுத்திக்கட்டுமான்னு கேட்டேன். 'மரம் போனாப் போகுது, என்னால ஒரு நிமிசங்கூட முடியாதுடா'ன்னாரு. அவுரு நட்ட மரமுங்க, அறுவது மரம். கண்ணு முன்னால பட்டுப்போகுதே…" அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

10.15. ராஜசேகர் ஜீப்பில் ஏறினான். காலையில் வேதமுத்து உட்கார்ந்திருந்த அதே சீட். காலையில் வேதமுத்துவைத் திட்டித் தீர்த்த ஊர் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. ஒருவரும் வேதமுத்துவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

"நீங்க போகலாம், வேதமுத்து. போன் மட்டும் எங்ககிட்ட இருக்கும். அந்த மூணு அழைப்பும் சாட்சி."

அவன் போகவில்லை.

"மேடம், அதுல அவுரு பேர மட்டும் மாத்திக் குடுத்துரட்டுங்களா?"

சிவசங்கரி கையிலிருந்த போனைப் பார்த்தாள். எருத்தேன்பதி தொல்லை.

"முடியாதுய்யா," என்றாள். "கோர்ட்டுக்குப் போற பொருள். இருக்கது அப்படியேதான் இருக்கணும்."