கதவு கழற்றிய லயம்

படத்தில் கதவு இருந்தது.

முத்துலெட்சுமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். நீலச் சாயம் உரிந்த பலகைக் கதவு. நடுவில் சாக்பீஸால் போட்ட ஓம், தாழ்ப்பாளுக்குப் பதிலாக வளைத்துவிட்ட ஆணி. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், கீழ் லயத்துக் கடைசி வீடுதான், சந்தேகமே இல்லை. வாசலை ஒட்டிய முருங்கை மரம்கூட அப்படியே தெரிந்தது. ஆனால் கீழ் லயத்தில் இப்போது எந்த வீட்டுக்கும் கதவு கிடையாது. லாபுவில் இருந்த அந்தத் தோட்டத்தை வீடு கட்டி விற்கும் கம்பெனிக்குக் கொடுத்து, சனமெல்லாம் ரஹாங் பக்கமும் நீலாய் பக்கமுமாகப் பிரிந்து போன பிறகு, பழைய பலகை வாங்குகிற ஒருவர் லோரி கொண்டுவந்து கதவு, சன்னல், நிலைச்சட்டம் வரை எல்லாவற்றையும் பெயர்த்து ஏற்றிப் போய்விட்டார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணியான அவள், இப்போது உட்கார்ந்திருக்கும் இதே ஆபீஸ் சன்னல் வழியாகத்தான் அந்த லோரி போவதைப் பார்த்தாள். அது தீபாவளிக்கு முந்தி. இந்தப் படத்தை அவள் புருஷன் எடுத்தது போன சனிக்கிழமை.

சனிக்கிழமை படம் எடுக்கப் போனவன் திரும்பி வரவில்லை.

கணேசமூர்த்திக்கு அதே தோட்டத்தில் ஸ்டோர் வேலை. இடிப்பதற்கு முன்னால் லயத்தைப் படம் எடுத்து வைக்கச் சொல்லி கம்பெனிக்காரர்கள் புது மாதிரி கேமரா ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஃபிலிம் வேண்டாம். பிஸ்கெட்டைவிட மெல்லிசான ஒரு கார்டில் படமெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும், கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம். சின்னப் பிள்ளை மாதிரி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மத்தியானச் சோறு தின்ற கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்தான். பொழுது சாய்ந்தபோது மோட்டார் முருங்கை மரத்தடியில் நின்றது. கேமரா கடைசி வீட்டுப் படியில் இருந்தது. ஆள் இல்லை.

போலிஸ் வந்தது. பாமாயில் எடுக்கிற செம்பனைக் காட்டையும் ரப்பர்க் காட்டையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள், குட்டையில் ஆளை இறக்கித் தேடினார்கள். கடைசியில் போலிஸ் ஆபீசர் ஒருவர், வீட்டில் ஏதாவது சண்டையா, அவருக்கு வேறு எங்காவது தொடர்பு உண்டா என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லவே இல்லை என்றாள். கார்டு கெட்டுப்போய்விட்டது, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி இன்று காலை கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்கள். கீழ் லயத்தை இடிக்க நாளைக்கு மிஷின் வருகிறது.

சிரம்பானில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தங்கராஜு, கணேசமூர்த்தியோடு ஒன்றாகப் படித்தவன். டிஸ்கெட், அதாவது ஃப்ளாப்பி, வடிவத்தில் ஒரு கூட்டையும், கெட்டுப்போன கார்டைச் சரிபார்க்கிற மூன்று சாஃப்ட்வேர் உள்ள சிடி ஒன்றையும் ஆள் மூலம் அனுப்பியிருந்தான். கார்டைக் கூட்டுக்குள் செருகி, கூட்டை டிஸ்கெட் போடும் வாயில் தள்ள வேண்டும். எதை எப்படிப் பயன்படுத்துவது என்று போனில் பொறுமையாகச் சொன்னான்.

"பூதக்கண்ணாடி படம் போட்டது சும்மா பார்க்கும் லா, அக்கா. கார்டைத் தொடாது. முழுசா இருக்கிறதை மட்டும் எடுத்துக் குடுக்கும். ஸ்பேனர் படம் போட்டது அப்படி இல்ல. கார்டுக்குள்ளயே எழுதும். உடைஞ்சதை ஒட்டும், காணாமப் போனதைத் தேடிக் கொண்டாரும். ஆனா எழுதினா எழுதினதுதான். பழையபடி ஆக்க முடியாது."

மூன்றாவது, கார்டை மொத்தமாகத் துடைத்துப் புதுசாக்கிவிடும். அதன் பக்கமே போக வேண்டாம் என்றான்.

அதனால் அவள் பூதக்கண்ணாடியைத்தான் எடுத்தாள். எலி பலகையைக் கரம்புவதுபோலக் கம்ப்யூட்டருக்குள் கர்ர் கர்ர் என்று சத்தம் வந்தது. ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாக, பாய் விரிவதுபோல மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் வானம், அப்புறம் துருப்பிடித்த தகரக் கூரை, அப்புறம் சுவர், அப்புறம் கதவு. வீட்டுக்கு வீடு கதவு. எல்லாம் சாத்தியிருந்தன.

ஆபீஸ் உதவியாள் முனியாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கதவை நான்தான் லோரியில ஏத்தினேன், கிராணியம்மா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, மழை பிடித்தால் பாலத்தில் தண்ணீர் ஏறிவிடும் என்று சொல்லி, தன்னோடு இப்போதே கிளம்பி வரும்படி அவளையும் கூப்பிட்டார். நாளைக்கு மிஷின் வந்த பிறகு தேட என்ன மிச்சம் இருக்கும் என்று அவள் கேட்டாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருடைய மோட்டார் சத்தம் செம்மண் பாதையில் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது.

பூதக்கண்ணாடி கடைசிப் படத்தில் நின்றுவிட்டது. உடைந்திருக்கிறது, படிக்க முடியாது, விட்டுவிடலாமா என்று கேட்டது. அதுதான் அவன் கடைசியாக எடுத்தது. படியில் கேமராவை வைப்பதற்கு முன்னால் அவன் கண் பார்த்தது. அதை விட்டுவிடுவதா? தங்கராஜுவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தொட்டால் மீள முடியாதது ஒரு பக்கம். தொடாமல் விட்டால் அவன் ஓடிப்போனவனாகவே ஊர் வாயில் நிற்பது இன்னொரு பக்கம்.

ஸ்பேனரை அழுத்தினாள்.

வெளியே வானம் இருண்டு, நாலு மணிக்கே விளக்கு வேண்டியிருந்தது. மழை முதலில் செம்பனை ஓலைகளில் தூரத்தில் இரைந்து, பிறகு ஆபீஸ் தகரத்தில் ஓடி வந்து விழுந்தது. அந்த இரைச்சலுக்கு உள்ளேயும் கர்ர் கர்ர் என்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அதோடு ஒரு வாடை. பூட்டிக் கிடந்த சாமான் அறையிலிருந்து வருகிறதோ என்று முதலில் நினைத்தாள். இல்லை. புளித்த ரப்பர்ப் பால், மண்ணெண்ணெய் அடுப்பு, தாளித்த கருவாடு, நனைந்த துணி. ஆட்கள் குடியிருந்த காலத்தில் பொழுது சாயும்போது கீழ் லயத்திலிருந்து ஏறி வருகிற வாடை அது. அங்கே அடுப்பு எரிந்து மாசக்கணக்காகிவிட்டது.

முதல் படம் மறுபடி இறங்கியது. வானம். தகரம். சுவர்.

கதவு திறந்திருந்தது.

உள்ளே இருட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் நின்றது. சட்டைக் காலர் தெரிந்தது, காது மடல் தெரிந்தது. வீட்டுக்குள் எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அடுத்த படத்திலும் கதவு திறந்திருந்தது, அதில் இரண்டு பேர். அதற்கடுத்ததில் வாசல் முழுக்க ஆட்கள். எல்லாருக்கும் முதுகுதான்.

இல்லை. எல்லாருக்கும் அல்ல. ஒருத்தி மட்டும் பாதி திரும்பியிருந்தாள்.

கொண்டையில் செருகிய சீப்பைக் கண்டதுமே முத்துலெட்சுமிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மயிலம்மாள். ஆயாக்கொட்டாயில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மயிலம்மாள். போன வருஷம் செத்துப் போனவள். இவளே தன் கையால் அவளுக்கு வாய்க்கரிசி போட்டிருந்தாள்.

அடுத்த படத்தில் மயிலம்மாள் முழுக்கத் திரும்பியிருந்தாள். அதற்கடுத்ததில் எல்லாரும் திரும்பியிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, முறைக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியவர்கள் போல, அடுத்த வார்த்தைக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

கூப்பிட்டது யார்?

சன்னலைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். மழைத்திரைக்கு அந்தப் பக்கம், பந்து விளையாடுகிற திடலைத் தாண்டிக் கீழ் லயம் நீளமாகக் கிடந்தது. காலையில் வேலைக்கு வரும்போது அந்தச் சுவர்களில் வெறும் ஓட்டைகள்தான் இருந்தன. பல் போன வாய் மாதிரி. இப்போது ஓட்டைகள் இல்லை. நீலமாய்ப் பலகைக் கதவுகள் இருந்தன.

ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

கம்ப்யூட்டரில் கடைசிப் படம் இறங்கத் தொடங்கியது. வேலை முடியும்வரை கார்டை வெளியே எடுக்காதே என்று சிவப்பு எழுத்தில் வந்தது. வானம். கூரை. நிலைச்சட்டம். அப்புறம் முடி. எண்ணெய் தடவி இடப்பக்கம் வகிடெடுத்த முடி. நெற்றி. நெற்றியில் கலைந்த திருநீறு.

"என்னங்க" என்றாள் முத்துலெட்சுமி, திரையைப் பார்த்து.

கண்கள் வந்தன. அவன் கண்கள்தான். மூக்கு. மீசை. நேராக அவளைப் பார்த்தான். ஒவ்வொரு கோடாக, ஒவ்வொரு கோடாக, அவன் வந்துகொண்டிருந்தான்.

திடலில் ஆட்கள் நடந்து வந்தார்கள். குடை இல்லை. ஓட்டம் இல்லை. விடியக்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டில் நிற்கப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக.

மோவாய். கழுத்து.

துடைத்துவிடலாம். மூன்றாவது சாஃப்ட்வேர் அங்கேயே இருக்கிறது. அழுத்தினால் எல்லாம் போய்விடும். மயிலம்மாள், கதவுகள், அந்த வாடை. எல்லாம். அவனும். விரல் அதற்கு மேல் போய் நின்றது. முடியவில்லை.

சட்டைக் காலர். மேல் பொத்தான்.

சரளைக் கல்லில் காலடி. ஒன்றல்ல. நிறைய.

ஆபீஸ் சுவரை யாரோ உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார்கள். சர்ர்ர். சன்னல் வரை. சன்னலைத் தாண்டி.

போதும்.

கையை நீட்டிக் கூட்டைப் பிடுங்கினாள். அது வரவில்லை. இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். உள்ளே ஏதோ சடக்கென்றது. கூடு கையோடு வந்தது. கார்டு குறுக்கே உடைந்து, ஒரு துண்டு தரையில் விழுந்தது. திரையில் படம் அப்படியே நின்றது. சட்டைப் பைவரை கணேசமூர்த்தி. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

காலடிகள் நின்றன.

சுவரைத் தடவிய கை நின்றது.

மழை மட்டும். அவள் மூச்சு மட்டும்.

பிறகு கதவை யாரோ தட்டினார்கள். விரலால் தட்டுகிற சத்தம் இல்லை அது. நெற்றியால் மெதுவாக முட்டுகிற மாதிரி. ஆபீஸ் கதவின் மேல் பாதி கண்ணாடி. அதில் ஒரு முகம் தெரிந்தது. வகிடெடுத்த முடி, கலைந்த திருநீறு, மீசை.

கணேசமூர்த்தி.

"முத்து" என்றான். அவன் குரல்தான். வெயிலில் அலைந்துவிட்டு வந்து தண்ணீர் கேட்கிற குரல்.

அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. லயம், கதவுகள், மயிலம்மாள், போலிஸ்காரர் கேட்ட கேள்வி, எல்லாம். அழுகையும் சிரிப்புமாக மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். இடுப்பில் நாற்காலி இடித்தது. தாழ்ப்பாள் கையில் வழுக்கியது. திறந்தாள்.

அவன் முடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கிற பேனாவின் மூடி தெரிந்தது. மூடி மட்டும். பையின் நடுவில், ரூல் தடி வைத்து அறுத்ததுபோல அவன் முடிந்துவிட்டிருந்தான். கைகளும் அதே கோட்டில் முடிந்தன. அவனுக்குப் பின்னால் சரளையில் கீழ் லயத்து ஆட்கள் முழுசாக, அமைதியாக நின்றுகொண்டிருந்தார்கள். அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றிருந்தார்கள்.

அவன் பார்வை அவளைத் தாண்டி உள்ளே போனது. மேசை. திரை. தரையில் கிடந்த உடைந்த துண்டு. அங்கிருந்து மெல்லத் திரும்பி அவள் முகத்துக்கு வந்தது.

"மிச்சம் எங்க, முத்து?"

அவன் நெஞ்சுக்குக் கீழே, கால் ஊன்றி நிற்க வேண்டிய இடத்தில், மழை தடையில்லாமல் நேராகப் படியில் விழுந்துகொண்டிருந்தது.