உள்பக்கத்து ஈரம்

பிளாஸ்டிக் சன்னலில் படிந்திருந்த ஆவி வெளிப்பக்கம் இல்லை, உள்பக்கம் இருந்தது. ஏணியில் நின்றபடி, படகின் பின்தளத்தை மூடியிருந்த துணிக்கூடாரத்தின் சன்னலை அவள் இரண்டு முறை துடைத்தாள். மூன்றாம் முறையும் அந்த வெண்மை போகாததால்தான் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தட்டளவு வட்டம். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒருவர் சன்னலோடு முகம் வைத்து மூச்சு விட்டால் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில்.

படகைக் கரையேற்றி மூன்று மாதமாகிறது. படகுகளை நிறுத்திவைக்கும் யார்டின் கடைசி வரிசையில் இரும்புக் கால்கள்மேல் நின்றது. சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். விடுமுறை நாட்களில் உல்லாசமாகச் சுற்ற வாங்கியவர், மழை தொடங்கியதும் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனவர்தான். கூடாரத்து ஜிப்பில் தொங்கும் சின்னப் பூட்டுக்கு அந்த ஒரே சாவி. அது அவள் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்கியது.

யார்டில் அவளை எல்லோரும் ‘வினிகர் அக்கா’ என்பார்கள். பிளீச்சிங் பவுடர் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும், தையல் நூலை அரிக்கும் என்று அவள் அதைக் கையால் தொடமாட்டாள். பூஞ்சைக்கு வினிகர், சன்னலுக்கு சோப்பு நுரையும் பழைய பருத்தித் துணியும். அவள் புருஷன் அதே யார்டில் கூடாரம் தைப்பவன். கிழிந்த துணியும் உப்பேறிய ஜிப்பும் அவன் பாடு; உள்ளே சேரும் அழுக்கு அவள் பாடு.

பூட்டைத் திறந்து உள்ளே ஏறினாள். மூடிக்கிடந்த படகின் வாசம் அவளுக்குத் தெரியும்; ஊறிய பஞ்சு, டீசல், எங்கோ தேங்கி நின்ற மழைத்தண்ணீர். அவற்றுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. குளித்துவிட்டுத் துவட்டாமல் விட்ட தலைமுடியின் வாசம். ஆவி படிந்த சன்னலுக்குக் கீழே இருந்த மெத்தை குழிந்து, குழிக்குள் ஈரமாக இருந்தது. ஓரத்துத் தையலில் சிக்கியிருந்த முடியை இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது, முழங்கை நீளம். அவள் முடி கழுத்தோடு வெட்டியது.

காவலாளியிடம் போய்க் கேட்டாள்.

“நானா? எனக்கு முட்டி மடங்கவே அரை நாள் ஆகுது அக்கா. அந்த ஏணில ஏறினா, இறக்க கிரேன்தான் வரணும்.” சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்டுக்காரரத்தான் போன வாரம் பார்த்தேன். உள்ள யாரோடயோ பேசிட்டிருந்தாரு. போன்லயா இருக்கும்.”

அவன் போன் அந்த வாரம் முழுக்க ரிப்பேர் கடையில் கிடந்தது.

தையல் கொட்டகைக்கு நடக்கும்போதே மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது: தாமதமாக வந்த நாட்கள், சட்டையை அவனே துவைத்துப் போட்ட நாள், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நாள்.

“டாக்டர் படகுல போன வாரம் எவ்ளோ நேரம் இருந்தீங்க?”

“ஜிப் மாத்துற வரைக்கும். ஏன்?”

“தனியாவா?”

அவன் மெஷினை நிறுத்தினான். துணியில் இறங்கிய ஊசியை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “தனியாத்தான்” என்றான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே, “நீயும் அங்க ரொம்ப நேரம் இருக்காத. துடைச்சமா வந்தமான்னு இரு.”

மடியில் கனம் இருக்கிறவன் பேச்சு. அவள் திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை மெத்தையைத் துடைத்து, விசிறி வைத்துக் காயவைத்து, சன்னலைப் பளிங்காக்கினாள். மதியம் இறங்கும்போது சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சாவி மட்டும் போதாது. டூப்ளிகேட் போட எவ்வளவு நேரம்? ஜிப்பின் அடியில் கருப்பு நூலைக் கட்டி, தனக்கு மட்டும் தெரிந்த முடிச்சாகப் போட்டாள். எவளைக் கூட்டிவந்தாலும் அறுக்காமல் நுழைய முடியாது. பிறகு யார்டு வாசலில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அந்த ஏணியையே பார்த்தாள்.

யாரும் ஏறவில்லை. மூன்று மணிக்கு வானம் இருட்டி மழை பிடித்தது.

ஏணியில் ஏறிப் பார்த்தாள். நூல் அப்படியே இருந்தது. முடிச்சும் அவள் போட்டதுதான். பாவி மனுஷனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று ஒரு சிரிப்புகூட வந்தது. பூட்டைத் திறந்து ஜிப்பிலேயே தொங்கவிட்டு, நூலை அறுத்து உள்ளே ஏறினாள். சாரல் அடிக்காமலிருக்க ஜிப்பை உள்ளிருந்து முக்கால்வாசி இழுத்துவிட்டுத் திரும்பினாள்.

சன்னலில் ஆவி. நேற்றைய சன்னல் இல்லை. வாசலை ஒட்டிய சன்னல்.

யாரும் உள்ளே வரவில்லை. அப்படியென்றால், யாரும் வெளியே போகவும் இல்லை.

இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் பதினாறு வருஷம் படகுகளின் உள்ளே தவழ்ந்தவள். ஆள் ஒளிய இந்தப் படகில் எத்தனை இடம் என்று அவளுக்குத் தெரியும். இருக்கைகளுக்கு அடியில் உள்ள பெட்டிகளைத் திறந்தாள். மிதவைச் சட்டைகள், கயிறு. குனிந்து கேபினுக்குள் போனாள். கழிப்பறைக் கதவு. யாருமில்லை. கடைசியாக, படகின் மூக்குப் பக்கம் இருந்த படுக்கை. அந்த மெத்தையை மட்டும் அவள் இன்னும் தொடவில்லை. இரண்டு கையாலும் தூக்கினாள்.

அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சை. கரிபூசியதுபோல். நடுவில் மட்டும் இல்லை. நடுவில் வெள்ளைத்துணி வெள்ளையாகவே இருந்தது. தலை. தோள். மடக்கிய முழங்கால். மெத்தைக்கு மேலே படுத்த தடம் இல்லை. கீழே, பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே ஒருக்களித்துப் படுத்த தடம்.

கையை வைத்தாள்.

சூடு.

பின்னால், தளத்தில், ஒரு சத்தம். அந்தச் சத்தமும் அவளுக்குத் தெரியும். அழுந்தியிருந்த பஞ்சு, ஆள் எழுந்ததும் காற்றை உள்ளிழுக்கும். மெதுவாக. நீளமாக.

மெத்தையைப் போட்டாள். தலை இடித்தது. வெளியே வந்தாள். தளத்தில் யாருமில்லை. வாசலை ஒட்டிய மெத்தையில் குழி, மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி ஜிப். மூன்றே எட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள்.

ஏணி அசைந்தது. மழையில் நனைந்த அவன் முகம் பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் வந்தது. அவள் புருஷன். மெஷின் எண்ணெய் படிந்த அவன் விரல்கள் ஜிப்பைப் பிடித்தன.

“இருக்காதன்னு சொன்னேன்ல. வா வெளிய.”

“சீக்கிரம் திறங்க. திறங்களேன்!”

ஜிப் இடுப்புவரை திறந்தது. அவள் குனிந்தாள். ஈரக் காற்று முகத்தில் அடித்தது.

அவன் கை நின்றது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தான். பயந்தவன் பார்ப்பதுபோல் இல்லை. தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோல், அந்த ஆள் சொல்வதைக் கேட்பதுபோல்.

“என்னங்க?”

ஜிப் இறங்கத் தொடங்கியது. பல் பல்லாக. அவன் உதடு நடுங்கியது, கை நடுங்கவில்லை. அவள் விரலை நுழைத்தாள். அவன் அந்த விரலை மெதுவாக, வலிக்காமல், உள்ளே தள்ளினான். பூட்டு விழுந்தது.

“இருங்க” என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. இப்போதும் அது மரியாதை இல்லை.

எண்ணிக்கை.

அவன் இறங்கினான். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், மழைக்குள் நடந்தான். அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் பிளாஸ்டிக்கை அறைந்து கத்தினாள். அவள் கைகளுக்கு அருகில், இன்னும் இரண்டு உள்ளங்கைகள் வந்து, பிளாஸ்டிக்கில் மெல்லப் பதிந்தன.