பெட்ரூமில் பிணம், வாசலில் விசா!

"வீ...ல்!"

ஃபாரின் போட்ட அலறலில் மாடிப்படி ஜன்னல்கள் அதிர்ந்தன.

கதவைப் பூட்டாமல் போனது யார் என்று முணுமுணுத்தபடி வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த லென்ஸ், ஒரு காலில் செருப்போடு படுக்கையறைக்கு ஓடினான்.

கட்டிலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவே ஓர் ஆள்.

குப்புறக் கிடந்தான்.

பின்மண்டையில் ரத்தம்... பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி!

"யா... யாருடி இது?"

"என்னைக் கேட்டா? உங்க சொந்தக்காரரா பாருங்க!"

"என் சொந்தக்காரங்க கூப்பிட்டாலே வர மாட்டாங்க. இவன் கூப்பிடாமலே வந்திருக்கான்!"

லென்ஸ் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் யாருக்கும் அது ஞாபகமில்லை.

அவன் மனைவி கடல் தாண்டி வந்தவள். அவளுடைய பழைய பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். அதனால் தெரு அவளுக்கு 'ஃபாரின்' என்று பெயர் வைத்து, அரசாங்கத்துக்கு முன்னாலேயே அந்த வேலையை முடித்துவிட்டது.

அவள் தமிழ் கற்றது மாமியாரிடம். அதுவும் மாமியார் மகனைத் திட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து! ஆகவே அவளுடைய கொஞ்சலும் வசவும் ஒரே டப்பாவிலிருந்து வரும்.

"கட்டையில போறவனே, மூச்சு இருக்கான்னு பாருங்க!" என்றாள் இப்போது.

லென்ஸ் தன் கண்ணாடியைக் கழற்றினான். அந்த ஆளின் மூக்குக்கு அடியில் பிடித்தான்.

கண்ணாடியில் ஆவி படியவில்லை. துளிகூட!

"போச்சு... ஆள் காலி!"

"நாடி பாருங்க!"

"தொட மாட்டேன். கைரேகை விழும்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெறும் நாளாக இருந்தால் லென்ஸ் இந்நேரம் போலீசுக்கு போன் போட்டிருப்பான்.

ஆனால் இன்று வெறும் நாள் இல்லை!

குடியேற்ற ஆபீசிலிருந்து இன்று வீட்டு விசாரணைக்கு அதிகாரி வருகிறார். இந்தக் கல்யாணம் நிஜமா, விசாவுக்காகப் போட்ட நாடகமா என்று பார்க்க! நிஜம் என்று அவர் எழுதினால் ஃபாரின் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் வந்த விமானத்திலேயே திரும்பிப் போக வேண்டும்.

திரும்பிப் போனால்?

அவள் ஊரில் ஒரு பெரிய மனிதன் தன் பார்ட்னரைச் சுட்டான். சுட்டதைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். அவன் ஜெயிலில் இருக்கிறான். அவனுடைய ஆட்கள் வெளியே இருக்கிறார்கள். விமான நிலையத்திலேயே மாலையோடு நிற்பார்கள்... கழுத்தில் போட அல்ல, படத்துக்குப் போட!

"போலீசைக் கூப்பிடலாம்" என்றான் லென்ஸ், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"கூப்பிட்டா? பெட்ரூம்ல பிணம்னு ஃபைல்ல எழுதினா எனக்கு விசா குடுப்பாங்களா?"

"அப்போ அலமாரியில வைப்போம். ஆபீசர் போனதும் கூப்பிடலாம். காலைப் பிடி!"

இழுத்தார்கள். ஆள் கனம். அலமாரிக் கதவு பாதிதான் திறந்தது. கட்டில் இடித்தது.

"அன்னைக்கே சொன்னேன், பெரிய அலமாரியா வாங்குன்னு!" என்று மூச்சிரைத்தான் லென்ஸ். "கேட்டியா? 'இது போதும், அழகா இருக்கு'ன்னே!"

"ஆள் வைக்கறதுக்குன்னு சொல்லலியே நீங்க! சட்டை வைக்கன்னுதானே சொன்னீங்க!"

"சட்டைக்கே இடமில்லை! முக்கால்வாசி உன் கோட்டு! இந்த வெயில்ல எவ கோட்டு போடுவா?"

"உங்க அம்மா அதுல ஒண்ணை எடுத்து மிதியடி ஆக்கினாங்களே, நான் கேட்டேனா?"

"எங்க அம்மாவை ஏன்டி இழுக்கற?"

"இந்த ஆளை இழுங்கன்னு சொன்னா நீங்க எங்க இழுக்கறீங்க? நான்தான் இழுக்கறேன்!"

ஒருவழியாக உள்ளே திணித்து, கோட்டைப் போட்டு மூடி, கதவைச் சாத்தினார்கள். சாத்திய பிறகும் சண்டை ஓயவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தொடர்ந்தார்கள்.

"இஸ்திரிப் பெட்டியை எடுத்த இடத்துல வைங்கன்னு தினம் சொல்றேன். வச்சிருந்தா அதால ஒருத்தன் செத்திருப்பானா?"

"ஓஹோ... கொலைக்கும் நான்தான் காரணமா?"

"ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறதுக்கு யார் காரணம்? குறட்டைக்கு யார் காரணம்? என் பிறந்த நாளை மறந்துட்டு, 'உங்க ஊர் காலண்டர் வேற'ன்னு சொன்னது யாரு?"

"அதை இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?"

"சாகற வரைக்கும் வச்சிருப்பேன்!"

டிங்... டாங்!

இருவர் வாயும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன.

வாசலில் சஃபாரி சூட் போட்ட ஓர் ஆள். கையில் தோல் பை. முகத்தில் புன்னகை.

"வீட்டு விசாரணைக்கு வந்திருக்கேன்" என்று அடையாள அட்டையை நீட்டினான். போட்டோ மேல் கட்டை விரல்.

லென்ஸ் உட்கார வைத்தான். மேஜை மேல் ஃபைல் தயாராக இருந்தது. ஃபைல் என்று சொல்வது மரியாதைக்கு. தகர விளிம்பு போட்ட பெட்டி அது! ஒரு கையால் தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும்.

அந்தக் கனத்துக்குக் காரணம் உண்டு. முதல் தடவை போனபோது, பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டுப் பெயர், கல்யாணச் சான்றிதழில் புருஷன் பெயர், இரண்டும் வேறு வேறு என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்து, பெயர் மாற்றத்தைப் பேப்பரில் விளம்பரம் செய்யவில்லை என்று திருப்பினார்கள். விளம்பரம் கொடுத்தால், அதில் வீட்டு விலாசம் இல்லை என்று திருப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றுக்கும் புதிய நகல்கள். கடைசியாகக் கேட்டதை எடுக்கத்தான் இன்று காலை புருஷனும் பெண்டாட்டியும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தார்கள்.

"சார்... பெட்ரூம் கொஞ்சம் கலைஞ்சு கிடக்கு..." லென்ஸின் நெற்றியில் வியர்வை.

"அட, அதை எதுக்கு சார் நான் பார்க்கணும்? புருஷன் பொண்டாட்டி இருக்கற இடம்!"

லென்ஸுக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

சஃபாரி ஃபைலைப் புரட்டினான். படபடவென்று புரட்டினான்.

"எல்லாம் கரெக்டா இருக்கு."

"ஒண்ணும் குறையலையா சார்?"

"ஒண்ணும் குறையலை. மேடம் என்கூட இப்பவே ஆபீசுக்கு வரட்டும். கீழ கார் இருக்கு. ஒரு கைரேகை வச்சா போதும், இன்னைக்கே ஆர்டர் கையில!"

லென்ஸின் கண்களில் நீர் திரண்டது.

"தண்ணி கொண்டு வரேன்" என்று எழுந்த ஃபாரின், புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"இவன் ஆபீசர் இல்லை!"

"ஏன்டி? தங்கமான மனுஷன்!"

"அதான் சொல்றேன்! அந்த ஆபீஸ்ல தங்கமான மனுஷன் ஏது? ஒரு பேப்பர்கூட குறை சொல்லலை. இன்னைக்கே ஆர்டர்னு சொல்றான். இன்னைக்கே! கல்யாணம் நிஜமான்னு பார்க்க வந்தவன் பெட்ரூமை எட்டிக்கூட பார்க்கலை... ஏன்? அங்க என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியும்!"

லென்ஸ் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ... அலமாரியில இருக்கறது?"

"அவர்தான் ஆபீசர்!"

"ஐயோ!" லென்ஸ் தலையில் கை வைத்தான். "ஆபீசரையா உன் கோட்டுக்குள்ள திணிச்சு வச்சிருக்கோம்? இனிமே நம்ம ஃபைல் என்னடி ஆகும்?"

"முதல்ல நான் என்ன ஆவேன்னு கேளுங்க, கட்டையில போறவனே!"

"எதுக்கும் ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடலாம். பாவம், நிஜமாவே நல்லவனா இருந்துட்டா?"

தண்ணீரோடு வெளியே வந்தார்கள்.

"சார், போட்டோவுல நான் சிரிச்சிட்டேன்" என்றாள் ஃபாரின்.

"பரவாயில்லை."

"கல்யாண சர்டிஃபிகேட் ஒரிஜினல் காணாமப் போச்சு."

"பரவாயில்லை."

"சாட்சிக் கையெழுத்து போட்டவர் செத்துட்டார் சார்" என்றான் லென்ஸ், கடைசி நம்பிக்கையாக. "போடறதுக்கு முன்னாடியே!"

"அதனால என்ன? பரவாயில்லை!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சமயத்தில் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

சஃபாரியின் புன்னகை மெதுவாகச் சுருங்கியது. தோல் பைக்குள் போன கை துப்பாக்கியோடு வெளியே வந்தது!

"கண்டுபிடிச்சிட்டீங்க போலிருக்கு. சத்தம் போடாம வாங்க மேடம். உங்க ஊர்ப் பெரிய மனுஷன் உங்களை ரொம்ப விசாரிச்சார்."

"எப்... எப்படி இங்க வந்தே?" என்றான் லென்ஸ்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க! பேப்பர்ல விளம்பரம். பழைய பேரு, புதுப் பேரு, தெரு, கதவு நம்பர், எந்த மாடின்னுகூட போட்டிருந்தீங்க. இந்தத் தொழில்ல எனக்கு இவ்வளவு ஒத்தாசை யாரும் பண்ணினதில்லை சார்!"

"பாவி! கட்டம் கட்டி, பெரிய எழுத்துல வேற போட்டேனே!"

"அதுக்கு ஸ்பெஷல் நன்றி. காலையில பூட்டைத் திறந்து உள்ள காத்துக்கிட்டிருந்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே அந்த ஆபீசர் வந்து நுழைஞ்சிட்டான். போட்டேன் ஒண்ணு! படியில உங்க குரல் கேட்டது. அவன் பையோட பின்பக்கமா இறங்கிட்டேன். விசா கைக்கு வராதவங்க போலீசைக் கூப்பிட மாட்டாங்கன்னு தெரியும். ம்... நடங்க மேடம்!"

ஃபாரின் அசையவில்லை. அவள் விரல்கள் லென்ஸின் சட்டை நுனியைப் பிடித்திருந்தன. கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிப் பிடித்ததில்லை.

 எறும்பைக்கூட நசுக்காமல் ஊதித் தள்ளுகிறவன் லென்ஸ்.

"சார்..." என்றான் அழுகுரலில். "கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. இந்த ஃபைலையும் எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே எனக்கு இது எதுக்கு?"

இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி நீட்டினான்.

சஃபாரி பழக்க தோஷத்தில் ஒரு கையால் வாங்கப் பார்த்தான். கனத்தில் அவன் கை தாழ்ந்தது. துப்பாக்கி ஒரு கணம் தரையைப் பார்த்தது...

லென்ஸ் பெட்டியைப் பிடுங்கி, தலைக்கு மேலே தூக்கி, இறக்கினான்!

ணங்...!

அந்த ஆபீஸ் கேட்ட அத்தனை நகல்களும் முதல்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டன.

சஃபாரி சுருண்டு விழுந்தான். ஃபாரின் துப்பாக்கியை சோபாவுக்கு அடியில் உதைத்துவிட்டு, அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். துணி காயப்போடும் கயிற்றால் மாமியார் தமிழ் முழுவதையும் சேர்த்து அவனைக் கட்டினாள்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டரம்மா முழுக் கதையையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய புருவம் தொப்பிக்குள் ஏறியது.

"எல்லாம் சரி. ஆபீசர் எங்கேன்னீங்க?"

"அலமாரியில மேடம்" என்றான் லென்ஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டு.

"செத்தவரையா அலமாரியில வச்சீங்க? அதுவும் கவர்ன்மென்ட் ஆபீசரை! உங்க மேலயும் கேஸ் உண்டு. சம்சாரத்தோட விசாவை இனி மறந்துடுங்க."

 ஃபாரினின் கண்கள் நிறைந்தன. வாய் ஓயாதவள் ஊமையாக நிற்பதைப் பார்க்க லென்ஸுக்குத் தாங்கவில்லை.

"மேடம், திணிச்சது நான். கேஸை என் மேல போடுங்க. அவ காலைத்தான் பிடிச்சா."

இன்ஸ்பெக்டரம்மா அலமாரிக் கதவை இழுத்தார்.

கோட்டு சரிந்தது.

"அ... அ... அச்ச்!"

பிணம் தும்மியது!

கான்ஸ்டபிள் ஒருவர் கட்டில் மேல் ஏறிவிட்டார்.

"அந்துருண்டை நாத்தம்..." என்றபடி நிஜ ஆபீசர் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே தவழ்ந்தார். "தண்ணி குடுங்கய்யா!"

"சா... சார்! மூச்சே இல்லியே! கண்ணாடியில ஆவியே படியலையே!" என்று அலறிய லென்ஸ், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆவி படியாத ஸ்பெஷல் கோட்டிங்! அவன் கடையிலேயே அதிகமாக விற்கும் சரக்கு.

"அலமாரியில தள்ளினப்பவே எனக்கு நினைவு வந்துடுச்சு. அப்புறம் அவன் குரல் கேட்டதும் பயத்துல கம்முனு கிடந்தேன்" என்றார் ஆபீசர். "மேடம், இவங்க மேல நான் புகார் குடுக்கலை. வந்த வேலையை முடிச்சிடறேன். அந்த ஃபைலை எடுங்க."

லென்ஸ் நசுங்கிய பெட்டியை நீட்டினான். ஃபாரின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறைய போலிக் கல்யாணங்களைப் பார்த்திருக்கேன்" என்றார் ஆபீசர், பேனாவைத் திறந்தபடி. "எல்லாரும் அப்படிக் கொஞ்சுவாங்க! ஆனா ஒரு பிணத்தைக் கையில வச்சுக்கிட்டு மாமியார், அலமாரி, ஈரத் துண்டுன்னு சண்டை போடணும்னா... அது நிஜமான புருஷன் பொண்டாட்டியால மட்டும்தான் முடியும்."

'கல்யாணம் உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஃபாரின் ஓவென்று அழுதுகொண்டே புருஷன் தோளில் சாய்ந்தாள்.

"சார்... ஒரே ஒரு சந்தேகம்" என்றான் லென்ஸ், அவள் தலைக்கு மேலாக. "அவன் குரலைக் கேட்டதும் பயந்துபோய் சும்மா இருந்தீங்க, சரி. அதுக்கு முன்னாடியே நினைவு வந்துடுச்சே... 'நான் உயிரோட இருக்கேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ஆபீசர் மண்டையைத் தடவிக்கொண்டே அவனை முறைத்தார்.

"எங்கய்யா... ரெண்டு பேரும் நடுவுல பேச விட்டீங்களா?"