நீக்கச் சொன்ன இரண்டு வரிகள்

கட்டில் இரண்டாவது முறை கிறீச்சிட்டபோது கலாதேவி கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். கார்மென் பயிற்சி முடிந்து வந்து படுத்தாள், முதல் சத்தம் சரி. கொஞ்சம் பொறுத்து, சுவரோரமாக இன்னொருவர் மெல்ல ஏறிப் படுத்ததைப் போல எழுந்த இந்தச் சத்தம் எதற்கு? புரண்டு படுத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கார்மென் பாகான் டத்தோ ஊர்ப் பெண். ஈப்போவில் தாதிப் பயிற்சிக்கு வந்தவள், நேற்றுதான் குடிவந்தாள். அவளுக்குக் கொடுத்தது சாந்தினியின் அறை. டெங்கியில் மகள் இறந்த பிறகு பூட்டியே கிடந்தது. அந்தக் கதவைப் பார்த்துப் பார்த்தே கலாதேவி சோறு தண்ணியை மறந்ததால், கணவன் தர்மாதான் வாடகைக்கு ஆளைப் பிடித்தான்.

"வீட்ல ஒரு புள்ள சத்தம் கேக்கட்டும் தேவி. எவ்ளோ நாளைக்கு இப்படியே இருப்பே?"

இப்போது அவன் ஃபேக்டரி பஸ் ஓட்டப் போயிருந்தான். புந்தோங்கில் அந்தி மழை தகரக் கூரையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஈர மண்ணும் கால்வாயும் கலந்த வாடை வந்தது.

கணினி இயங்குதளம் ஒன்றின் நினைவகப் பகுதிக்கு உலகமெங்கும் இருந்து வரும் சின்னச் சின்னத் திருத்தங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. பெரும்பாலும் ஒட்டடை அடிக்கிற வேலைதான். பயன்படாத வரியை எடுப்பார்கள், ஒரே சோதனை இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை நீக்குவார்கள். இன்றைய திருத்தமும் அப்படித்தான். நினைவகத்தின் ஒரு துண்டைக் காலி செய்து வேறொரு நிரலுக்குக் கொடுக்கும் முன், பழைய ஆள் அதை இன்னும் பிடித்திருக்கிறாரா என்று இயங்குதளம் இரண்டு முறை சோதிக்கிறது. இரண்டாவது சோதனை வீண், அந்த இரண்டு வரிகளை நீக்கிவிடலாம் என்று எழுதியிருந்தார் அனுப்பியவர். பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வரி வரியாகப் போய்ப் பார்த்தாள். முதல் சோதனைக்கும் கைமாற்றுவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டுவிட்டால், போய்விட்டதாக நாம் நினைத்த பழையவர் திரும்பி வந்து பிடித்துக்கொள்வார். அது தெரியாமல் புதியவருக்குக் கொடுத்துவிட்டால், புதியவர் மேலேயே பழையவர் எழுதத் தொடங்குவார்.

சாந்தினியின் சவப்பெட்டியைத் தூக்கிய நேரம் நினைவுக்கு வந்தது. சாவு வீட்டில் யாரும் 'போய் வா' என்று சொல்லமாட்டார்கள்; சொன்னால் போனது திரும்பி வந்துவிடும் என்பார்கள். வந்தவர்கள்கூட விடைபெறாமல்தான் போவார்கள். அன்று அத்தனை அழுகைக்கு நடுவில், தினமும் காலையில் வாசலில் நின்று சொல்லிப் பழகிய வாய் "போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டது. நாத்தனார் பிரமிளா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் சொல்லி முடித்திருந்தாள்.

காலையில் அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்த விளக்கு சுவிட்சைக் கார்மென் யாரையும் கேட்காமலே போட்டது இப்போதுதான் உறைத்தது.

"ஆன்ட்டி, மெல்ல பின்னுங்க லா. வலிக்குது."

அறையிலிருந்து கார்மெனின் குரல். கலாதேவி இன்னும் மேசையை விட்டு எழவே இல்லை.

எழுந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

கார்மென் கட்டில் விளிம்பில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் கைப்பேசி. ஏதோ வீடியோ. அவள் முதுகில் கூந்தல் மூன்றாகப் பிரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. இறுகியது. மறுபடி பிரிந்தது.

பின்னால் யாரும் இல்லை.

கத்த வேண்டும். அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளை. எல்லாம் தெரிந்தது. ஆனால் பின்னல் இடப்பக்கமாகச் சாய்ந்து வந்தது. சாந்தினி பின்னினால் எப்போதும் அப்படித்தான் வரும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன் என்று மனம் கெஞ்சியது. பெற்ற வயிறு. கலாதேவி வாய் திறக்கவில்லை.

பின்னல் முடிந்தது. நுனி காற்றில் நின்றது.

பிறகு அது விறைத்து, அவள் தலையை மெல்ல இழுத்தது. கார்மெனின் தோள்கள் அசையவில்லை. கண்கள் இன்னும் கைப்பேசியைத் தேடின. தலை மட்டும் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே வந்தது.