எடுத்தவர் யாருங்க?

காதல் கதை என்றால் முதல் சந்திப்பில் மழை பெய்ய வேண்டும். நாமக்கல்லில் அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். மோகனூர் ரோட்டில் இருந்த அந்தக் கலர் லேபில் ஏ.சி. போட்டோ பிரிண்ட் மிஷினுக்கு மட்டும்தான். கவுண்டரில் நின்ற பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டியது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மணிமாறன் அவள் கொடுத்த பென்டிரைவைச் செருகினான். படத்தைக் காப்பி செய்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திறந்தான். திறந்தவன்... அப்படியே இருந்துவிட்டான்.

கோழிப்பண்ணை வாசலைப் பார்த்தபடி, முட்டை அட்டைகளோடு ஓர் அம்மாள். ஒரு கன்னத்தில் மட்டும் காலை வெளிச்சம். லேசாகச் சிரிக்கும் கண்கள்...

"பன்னெண்டுக்குப் பதினெட்டு, ஃப்ரேமோட வேணுங்க. சாயங்காலத்துக்குள்ள," என்றாள் அவள். "நாளைக்குக் காலையில புதுச்சத்திரத்துல எங்க புது ஊட்டுக்குப் பால் காய்ச்சறோம். செவுத்துல ஆணியே அடிச்சு வெச்சாச்சு."

"இத எடுத்த போட்டோகிராபர் யாருங்க?"

"நான்தான்."

நிமிர்ந்து பார்த்தான். முன்னால் போட்ட ஒற்றைப் பின்னல். முட்டைக் கம்பெனி அடையாள அட்டையில் அபிநயா என்று பெயர். பெரிய கண்கள்... வேறு நாளாக இருந்தால் அந்தக் கண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பான்.

"கோவிச்சுக்காதீங்க. போன மாசம் ஒரு கல்யாண ஸ்டுடியோக்காரரு படத்த அவருக்குத் தெரியாம பிரிண்ட் போட்டுக் கொடுத்துட்டோம். கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு. அதுலருந்து, ஸ்டுடியோ படமாட்டத் தெரிஞ்சா எடுத்தவரு சம்மதம் இல்லாமப் போடக் கூடாதுன்னுட்டாருங்க முதலாளி."

"எடுத்தது நான்தான்னு சொல்றேனில்லீங்க?"

"இதுக்கு முன்னப்பின்ன எடுத்த படம் ஏதாச்சும் இருந்தாக் காட்டுங்க..."

இருந்தன. தலை வெட்டுப்பட்டவை, அம்மா கண்ணை மூடியவை... எல்லாம் வீட்டில், கேமராவில். எடுத்து வந்து காட்டியிருக்கலாம். ஆனால் ஸ்டுடியோ போர்டு மாட்டியவரிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா? அபிநயாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"சுமாரா எடுத்திருந்தா உடனே போட்டுக் கொடுத்திருப்பீங்க... அப்படித்தானுங்களே?"

மணிமாறன் மூக்குக் கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டுக்கொண்டான். உண்மை அதுதான்.

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து லேபில் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. ஆதார் அட்டையில் இருப்பதைத் தவிர அம்மாவுக்குப் பிரிண்ட் போட்ட படம் ஒன்றுகூடக் கிடையாது. பண்ணையில் முட்டை பொறுக்கிப் பொறுக்கி அம்மா கட்டிய வீட்டில், அம்மாவின் முகம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இதற்கு நடுவே, படத்தைப் பார்த்து மலைத்துப்போன அந்தக் கண்ணாடிக்காரன் முகம் வேறு ஞாபகம் வந்து தொலைத்தது...

லேபில் மணிமாறனுக்கு வேறு வேலை ஓடவில்லை. காப்பி செய்த படம் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. அழிக்கப் போனவன், கடைசியாக ஒருமுறை என்று திறந்தான். முகத்தைப் பெரிதாக்கினான். கண்ணை இன்னும் பெரிதாக்கினான்... கருவிழிக்குள் வெளிச்சமாக ஒரு வாசல். அதன் நடுவே கேமராவைத் தூக்கிப் பிடித்த ஒரு சின்ன உருவம். முன்னால் தொங்கும் ஒற்றைப் பின்னல்!

"அட மடையா!" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

போன் நம்பர் இல்லை. புதுச்சத்திரம், பால் காய்ச்சும் வீடு... போதும்.

மறுநாள் காலை, மாவிலை கட்டிய வாசலில் நிற்கும்போதுதான் மழைக்குத் தன் கடமை ஞாபகம் வந்தது. தூறலில் தான் நனைந்து, பிளாஸ்டிக் உறை சுற்றிய ஃப்ரேமை மார்போடு அணைத்தபடி நின்றான் மணிமாறன்.

"யாரு சாமி நீ? நனஞ்சுட்டு நிக்கறயே... உள்ள வா," என்றாள் அபிநயாவின் அம்மா சாரதாமணி. நேற்றெல்லாம் பார்த்த அதே கண்கள். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

உறையைப் பிரித்தார்கள். சாரதாமணி தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். "நானாட்டவே இல்லியே..." என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படம் ஆணியில் ஏறியது. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'படம்: அபிநயா.'

அபிநயா அவனை வாசற்படியோரம் மடக்கினாள். "நேத்து நம்பலை. இன்னிக்கு மட்டும் எப்படிங்க?"

"அம்மா கண்ணுக்குள்ள நீங்க நிக்கறீங்க... பெருசு பண்ணிப் பார்த்தேனுங்க. என்மேலதான் தப்பு."

"அதச் சொல்ல இவ்ளோ தூரமா?"

"அதுக்கு மட்டும் இல்லீங்க..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். "தெனமும் எத்தனையோ மூஞ்சியப் பாக்கறேன். எல்லாரும் கேமராவத்தான் பாப்பாங்க. உங்கம்மா உங்களப் பார்த்தாங்க. அப்படிப் பாக்கற அளவுக்கு இந்தப் புள்ளகிட்ட என்ன இருக்குதுன்னு யோசிச்சு யோசிச்சு... எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க."

தூறல் வலுத்தது. அபிநயா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். மணிமாறன் செருப்பைத் தேடினான்.

அவள் கேமராவோடு திரும்பி வந்தாள்.

"இங்க பாருங்க. கேமராவ இல்ல... என்னைய."

பார்த்தான். கிளிக்.

சின்னத் திரையில் அவன் கண்ணைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்... உள்ளே நிற்பது அவளேதான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எனக்கும்தாங்க," என்றாள் மெதுவாக. "இதப் பிரிண்ட் போட்டு வைங்க. எடுத்தவளே வந்து வாங்கிக்கறேன்."