கைப்பிடி இல்லாத கதவுகள்

போடிமெட்டுச் சாலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்குள் இறங்குகிற மண்பாதையில் ஜீப்பு நின்றபோது மணி நாலுதான் ஆகியிருந்தது. அதற்குள் மலைப்பனி மஞ்சாக இறங்கி மரங்களை மூடிவிட்டது. மகாராணி ஒரே ஒரு பையோடு இறங்கினாள். தம்பி பிரதீப் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பா காலத்தில் ஏலக்காய் மூட்டை அடுக்கி வைத்திருந்த கட்டிடம் அது. கோயமுத்தூரில் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பது பிரதீப்பின் தொழில். அக்கா கேட்டுக்கொண்டபடி நாலு மாதத்தில் இதை மாற்றியிருந்தான். சுவர் கறுப்பு. கூரை கறுப்பு. தரையில் கடப்பாக்கல். ஒரு சாண் உயரத்துக்கு மரமேடை, அதன்மேல் மெத்தை. விளக்கு எங்கே இருக்கிறதென்று தெரியாது; சுவரோரமாக மங்கலாக ஒரு வெளிச்சம் மட்டும் கசிந்தது. படம் இல்லை, காலண்டர் இல்லை, நாற்காலிகூட இல்லை.

"துணியெல்லாம் எங்கடா வைக்க?"

"இந்தச் சொவரு முழுக்க அலமாரிதான்க்கா. ஏழு கதவு இருக்கு. லேசா அமுக்கு, அதுவா தொறக்கும். மறுபடி அமுக்குனா மூடிக்கிரும்."

அவள் அமுக்கினாள். சுவரில் ஒரு கீறல் விழுந்தது போல் கதவு ஒரு விரல் அகலம் விலகியது.

"பிடிச்சிருக்கா?"

"ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கு."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஐந்து மாதமாக அக்கா இப்படித்தான் பேசுகிறாள். புருசன் ராக்கையாவைக் குளிப்பாட்டி, ஈரத்தோடு பச்சைக் கரை வேட்டி கட்டிச் சுடுகாட்டுக்குத் தூக்கியபோதும் அவள் அழவில்லை. ஊரில் சிலர் அதைத் தப்பாகப் பேசினார்கள். வாதம் வந்து ஆறு வருசம் படுக்கையில் கிடந்த மனிதனுக்குப் பீ மூத்திரம் அள்ளியவளுக்குக் கண்ணீர் எங்கே மிச்சமிருக்கும் என்று சிலர் பரிந்தும் பேசினார்கள். இரண்டு பேச்சும் அவளுக்கு ஒன்றுதான். போடி வீட்டில் மருந்துச் சீசாக்களும் ரப்பர் விரிப்பும் டெட்டால் வாடையும் இல்லாத மூலையே கிடையாது. அதெல்லாம் இல்லாத ஓர் இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்குமேல் ஆசை எதுவுமில்லை.

பிரதீப் அன்றே கீழே இறங்கிப் போனான்.

வாசலை ஒட்டிய முதல் அலமாரியில் நாலு சேலையை வைத்தாள். மற்ற ஆறும் காலி. மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தபோது அந்த முதல் கதவு விரல் அகலம் திறந்திருந்தது. மூடினாள். மறுநாள் இரண்டாவது கதவு. அதற்கு மறுநாள் மூன்றாவது.

பிரதீப்புக்குப் போன் போட்டாள்.

"மஞ்சு ஈரத்துக்கு மரம் ஊதும்க்கா. அடுத்த வாரம் வந்து சரி பண்ணித் தர்றேன்."

"வரிசையா ஊதுமாடா?"

"நான் வேணா வெரசா வரட்டுமாக்கா?"

"வேணாம். சும்மாதான் கேட்டேன்."

தோட்டத்தில் களையெடுக்கிற கருத்தம்மா தினமும் காலையில் பால் கொண்டு வருவாள். படிக்கு வெளியிலேயே தூக்குவாளியை வைத்துவிட்டு நிற்பாள். ஐந்தாவது கதவு திறந்திருந்த அன்று, அவள் மகாராணியின் தோளுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள விருந்தாளு வந்திருக்காகளா ஆத்தா?"

"இல்லையே."

கருத்தம்மா போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

பயம் வந்தால் தேவலை என்று மகாராணிக்குத் தோன்றியது. எதுவும் வரவில்லை. ஆறாவது கதவைச் சாத்தும்போது உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. பவுடரும் கற்பூர எண்ணெயும் கலந்த வாடை. படுக்கைப்புண்ணுக்கு அவள் தினமும் தடவிவிட்டது. காலி அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவினாள். பலகை காய்ந்துதான் இருந்தது.

ஏழாவது கதவு மெத்தையின் தலைமாட்டில் இருந்தது.

மறுநாள் மத்தியானமே மஞ்சு சன்னலில் அப்பிக்கொண்டது. வீட்டுக்குள் சுவர் எது, தரை எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மகாராணி மேடையில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறக்கவில்லை.

தட்டுகிற சத்தம்தான் கேட்டது.

இரும்பில் மோதிரம் தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி இரண்டு தட்டு.

அந்த வீட்டில் இரும்பே இல்லை.

வாய் பேச முடியாமல் போன பிறகு ராக்கையா கட்டில் குழாயில் அப்படித்தான் தட்டிக் கூப்பிடுவார். ஆறு வருசமும் அந்தச் சத்தத்துக்கு அவள் எழுந்து ஓடியிருக்கிறாள். சோற்றுக் கையோடு, குளித்த ஈரத்தோடு, காய்ச்சலோடு.

இரண்டு தட்டு.

அவள் உடம்பு பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டது. பிறகு உட்கார்ந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல மெல்லச் சொன்னாள்.

"கேட்டுச்சு மாமா."

சத்தம் நின்றது.

"அன்னிக்கும் கேட்டுச்சு. அடுப்படியில டீத்தண்ணி குடிச்சிட்டு இருந்தேன். நீங்க தட்டிக்கிட்டே இருந்தீக. இந்த ஒரு தடவ போகக் கூடாதுன்னு உக்காந்துட்டேன். தட்டுறது கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அதுவும் தெரிஞ்சுச்சு. கிளாசக் கழுவிக் கவுத்து வச்சிட்டுத்தான் வந்தேன்."

உள்ளே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது போல் இருந்தது.

"தூக்கத்துலயே போயிட்டாகன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

கதவு விலகியது. ஒரு விரல் அகலம். இரண்டு விரல். உள்ளே இருந்த கறுப்பு வெளியே இருந்த கறுப்பைவிட ஆழமாக இருந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. அடிக்க வந்தால் அடிக்கட்டும், கூட்டிப்போக வந்தால் கூட்டிப்போகட்டும் என்றிருந்தாள்.

எதுவும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல, கதவு தானாகச் சாத்திக்கொண்டது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். மகாராணி அப்படியே சாய்ந்தாள். ஆறு வருசத்தில் தூங்காத தூக்கம் அவளை அமுக்கியது.

காலையில் கருத்தம்மாவின் குரல் கேட்டுத்தான் விழித்தாள். ஏழு கதவும் மூடியிருந்தன. எங்கே கதவு, எங்கே சுவர் என்று தெரியவில்லை. வீடு வெறுமனே வீடாக இருந்தது. தம்பியிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடி வாளியை வாங்க வெளியே வந்தாள். வெயில் முகத்தில் சுள்ளென்று பட்டது. அது பட்டது தெரிந்தது.

வாளியைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போன கருத்தம்மா நின்றுவிட்டாள்.

"ஆத்தா, தலை யாரு பின்னிவிட்டா?"

எப்போதும் அள்ளி முடிகிற கூந்தல். மகாராணி கையைப் பின்னால் கொண்டுபோனாள். பழக்கமில்லாத விரல்கள் போட்டது போல, தளர்வாக, ஒரு பக்கம் கோணலாக ஒரு சடை விரலில் பட்டது. அதை முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

நுனியில், அவசரமாகக் கிழித்த வெள்ளை வேட்டித் துணி முடிச்சுப் போட்டிருந்தது. பச்சைக் கரை. துணி இன்னும் ஈரமாக இருந்தது.