துப்பாக்கி பிடித்த தாத்தா

மஸ்கெலியா மலைகள் எல்லாம் தலைவணங்கிய மாவீரர் அழகுமுத்து! சிறுத்தைகளுக்கே சிம்மசொப்பனம்!

தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு வாசலில் கட்டியிருந்த பெரிய பதாகையில் இப்படித்தான் எழுதியிருந்தது.

தனுஷிகா அதை இரண்டு தடவை வாசித்தாள். அவளுக்குத் தெரிந்து எந்த மலையும் தாத்தாவுக்குத் தலைவணங்கவில்லை. தாத்தாதான் குனிந்து குனிந்து, புல்லைப் பிடித்துப் பிடித்து ஏறுவார். இறங்கும்போது பெரும்பாலும் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு வருவார். அதற்கென்றே அவருடைய காற்சட்டையின் பின்பக்கத்தில் அம்மா ஒரு சாக்குத் துண்டை வைத்துத் தைத்திருந்தார்.

தாத்தா இறந்து ஒரு வருடம். இன்று திவசம். கொழும்பிலிருந்து வேனில் வந்த யோகேஸ்வரன் பெரியப்பாதான் பதாகையைக் கொண்டுவந்தார். அதில் தாத்தா தொப்பியும் பளபளக்கும் சப்பாத்தும் போட்டு, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார். துப்பாக்கி பிடித்த விரலில் பெரிய பச்சைக்கல் மோதிரம் வேறு.

"பெரியப்பா, தாத்தாகிட்ட துப்பாக்கியே இல்லையே. குடைதானே வச்சிருந்தாரு?"

"எனக்குத் தெரியாதா? மாவீரர் குடை பிடிச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னத்தம்பித் தாத்தா பதாகையை உற்றுப் பார்த்தார். தாத்தாவோடு காடு மலையெல்லாம் சுற்றிய கூட்டாளி அவர்.

"முகம் அழகுமுத்துதான். ஆனா இவனுக்கு எப்பப்பா தொப்பை வந்துச்சு?"

பெரியப்பா இருமினார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

படையல் தயாரானது. சோறு, பருப்பு, வடை, பாயாசம். தாத்தாவுக்குப் பிடித்த தடித்த ரொட்டியும் கட்டச் சம்பலும் இருந்தன. எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, அம்மா ஒரு வாழையிலையில் வைத்துக் குசினித் தகரக் கூரையின் ஓரத்தில் வைத்தார். முதலில் காகம் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மனிதர்களுக்குச் சாப்பாடு.

"கா... கா... கா..."

காகங்கள் சவுக்கு மரத்திலிருந்து இறங்கி வந்தன. இலையைப் பார்த்தன. பதாகையைப் பார்த்தன. திரும்பவும் சவுக்கு மரத்துக்கே போய்விட்டன.

"காகம் வர்ற வரைக்கும் நான் ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்று பெரியப்பா மைக்கைப் பிடித்தார்.

அந்த இரண்டு வார்த்தைக்கு முடிவே வரவில்லை. தாத்தா வெறுங்கையால் சிறுத்தையை அடக்கினார். பிறகு இன்னொரு சிறுத்தையை அடக்கினார். பேச்சு போன வேகத்தில், மஸ்கெலியாவில் ஒரு சிறுத்தைகூட மிஞ்சியிருக்காது.

சின்னத்தம்பித் தாத்தாவின் கைகள் நடுங்குவதைத் தனுஷிகா பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன தாத்தா செய்யுது?"

"சீனி வருத்தம் பாப்பா. காலையில மருந்து போட்டுட்டேன். இப்ப சாப்பிடலைன்னா சீனி ரொம்ப இறங்கிடும்."

"சீனி போட்டுத் தேத்தண்ணி கொண்டு வரட்டா?"

"வேணாம். கூட்டாளி திவசத்துல காகம் எடுக்காம என் வாயில ஒண்ணும் படாது."

பிடிவாதத்தில் அவரும் தாத்தா மாதிரிதான். காகத்தை வரவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தனுஷிகா சவுக்கு மரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு காகம் தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. பிறகு துப்பாக்கியைப் பார்த்தது. உடனே ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டது.

கீழே மரக்கறித் தோட்டத்துக் காவல்காரர் காகம் விரட்டுவது இப்படித்தான்! அவர் துப்பாக்கியை நீட்டினாலே போதும், ஒரு காகம் நிற்காது.

அவள் ஓடிப்போய்ப் பெரியப்பாவின் கோட்டை இழுத்தாள்.

"பெரியப்பா, காகம் உங்க துப்பாக்கிக்குப் பயப்படுது" என்றாள் மெதுவாக.

"அது அச்சடிச்ச துப்பாக்கி!"

"நமக்குத் தெரியுது. காகத்துக்கு யாரு சொல்றது?"

"போம்மா அந்தப் பக்கம்" என்றுவிட்டுப் பெரியப்பா அடுத்த சிறுத்தைக்குப் போனார்.

அப்போது நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. பதாகை படபடவென்று அடித்தது. தனுஷிகா அதைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள்.

"பெரியப்பா, காத்து பலமா வருது. உங்க பேனர் கிழிஞ்சிடப் போகுது!"

சிறுத்தையின் கழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பெரியப்பா மைக்கைக் கீழே வைத்தார்.

"ஐயோ, கழட்டுங்க! மெதுவா! முகத்தை மடிக்காதீங்க!"

அவரே கழற்றினார். அவரே சுருட்டினார். அவரே வேனுக்குள் பத்திரமாக வைத்தார்.

பதாகை கட்டியிருந்த ஆணி வெறுமையாக நின்றதைப் பார்த்ததும் தனுஷிகா வீட்டுக்குள் ஓடினாள். தாத்தாவின் பழைய கறுப்புக் குடையைக் கொண்டுவந்து அதில் மாட்டினாள். ஒரு கம்பி முறிந்த குடை. மலைப் பாறையில் அந்தக் குடையின் கீழ் உட்கார்ந்துதான் தாத்தா காகங்களுக்கு ரொட்டி பிய்த்துப் போடுவார்.

ஒரு காகம் இறங்கியது. தத்தித் தத்தி வந்தது. துப்பாக்கி போனதாலா, குடை வந்ததாலா, அதைக் காகத்திடம்தான் கேட்க வேண்டும். வடையைத் தொடவில்லை. ரொட்டியைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"எடுத்துருச்சு!" லயமே கத்தியது.

முதல் இலையைத் தனுஷிகா சின்னத்தம்பித் தாத்தாவின் முன்னால் வைத்தாள். பாயாசம் குடித்து, சோற்றில் பாதி சாப்பிட்ட பிறகு அவர் நடுக்கம் நின்றது. முகத்தில் சிரிப்பு வந்தது.

"தாத்தா, எங்க தாத்தா நெசமாவே சிறுத்தையை அடக்கினாரா?"

"அடக்குறதா! திடீர்னு முன்னுக்கு வந்து நின்னுச்சு பாப்பா. இவன் பயத்துல குடையைப் படக்குன்னு விரிச்சான். சிறுத்தை அந்தப் பக்கம் ஓடுச்சு. இவன் இந்தப் பக்கம் ஓடுனான்."

"நீங்க?"

"நான் சிறுத்தையைப் பார்த்ததுமே ஓடிட்டேன். இதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு கதை வந்தது. தாத்தா வாழைத்தண்டுத் தெப்பம் கட்டி நீர்த்தேக்கத்தில் இறங்கி, நடுவில் மூழ்கிய கதையை அம்மா சொன்னார். கரையேறியதும், "மீன் எப்படி இருக்குன்னு பார்க்கப் போனேன்" என்றாராம் தாத்தா.

"அந்தத் தெப்பத்துல நானும் இருந்தேன்!" என்றார் பெரியப்பா. இப்போது மைக் இல்லை. "என் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒண்ணு இன்னும் தண்ணிக்குள்ளதான் கிடக்கு!"

அன்றைக்கு அவர் சொன்னதிலேயே நல்ல கதை அதுதான். சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, வடை எடுக்கக் கையை நீட்டினார்.

அந்த விரலில் பெரிய பச்சைக்கல் மோதிரம் இருந்தது.

தனுஷிகா மோதிரத்தைப் பார்த்தாள். கோட்டுக்குள் அடங்காத தொப்பையையும் பார்த்தாள். அவர் இலையில் இன்னொரு வடையை வைத்தாள்.

பதாகையில் தலை மட்டும்தான் தாத்தாவுடையது.